தட்டில் செத்த செல்லும், பாட்டிலில் நான் எழுதிய வரியும்



முப்பத்து நான்கு வருடம் வங்கியில் வேலை பார்த்தவன் நான். கடன் பத்திரம் கையில் வந்தால் கடைசிப் பக்கத்தில் இருக்கிற பொடி எழுத்தைத்தான் முதலில் படிப்பேன். கையெழுத்துப் போட வருகிறவர்களிடமும், "படிச்சிட்டுப் போடுங்க, அவசரப்படாதீங்க" என்று சொல்லியே பழக்கம். அப்படிப்பட்டவன், ஓய்வு பெற்று விவசாயத்துக்கு வந்த பிறகு, பொடி எழுத்தைப் படிக்காமலே ஒரு வரியை அச்சடித்துவிட்டேன். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. நம்மில் பலர் மூலிகையும் வாசனைப் பயிரும் வைத்து எண்ணெய், பொடி, சோப்பு என்று மதிப்புக்கூட்டி விற்கிறோம். என் அனுபவம் அவர்களுக்கு உதவட்டும்.

எங்கள் நிலம் கடப்பாக்கத்தில். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் தாண்டி மரக்காணம் போகிற வழியில், ஆலம்பரைக் கோட்டைக்குப் பக்கத்து ஊர். கடற்கரை மணல் நிலம். நிலக்கடலையும் தர்பூசணியும் சவுக்கும்தான் இந்தப் பக்கத்து வெள்ளாமை. மூன்று ஏக்கரில் அரை ஏக்கருக்கு எலுமிச்சைப்புல் நட்டேன். ஆடு மாடு கடிக்காது, பூச்சி குறைவு, வருடத்துக்கு மூன்று நான்கு அறுப்பு. ஆவியில் வடிக்கிற சின்னக் கலன் ஒன்றும் வாங்கினேன். 100 கிலோ புல்லை வடித்தால் அரைக் கிலோ எண்ணெய் கிடைப்பதே நல்ல வடிப்பு. மஞ்சளாக, ஊரே மணக்கிற மாதிரி எண்ணெய். சின்னக் கண்ணாடி பாட்டிலில் அடைத்து, காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் பத்து ரூபாய் என்று சொல்லி விற்றேன்.

விற்பனை மந்தம்தான். அப்போது ஒரு நண்பர் கைப்பேசியில் செய்தி அனுப்பினார். எலுமிச்சைப்புல் எண்ணெய் புற்றுநோய்ச் செல்களைக் கொல்கிறது, வேறு சில வாசனை எண்ணெய்கள் கல்லீரல் புற்றுநோய்ச் செல்களையும் கொல்கின்றன என்று ஆய்வுகளைச் சுட்டி எழுதியிருந்தது. எனக்குக் கை பரபரத்தது. அடுத்த தடவை லேபிள் அடித்தபோது ஒரு வரி சேர்த்தேன்: "கல்லீரல் புற்றுநோய்ச் செல்களை அழிக்கும் தன்மை கொண்டது என ஆய்வுகள் தெரிவிக்கின்றன." பொய் எழுதிவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. ஆய்வு இருக்கிறதே!

பாட்டில் விற்க ஆரம்பித்தது.

அந்த அம்மா வந்த நாள்

ஒரு சாயங்காலம் பக்கத்துக் குப்பத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். ஐம்பது வயது இருக்கும்.

"சார், இந்த எண்ண ஈரல்ல வர்ற கட்டியக் கரைக்குமாமே? பாட்டில்லயே போட்டிருக்குதுன்னு எம் பொண்ணு படிச்சிச் சொன்னா."

வீட்டுக்காரருக்குக் கல்லீரலில் கட்டி. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறார்கள். ஆபரேஷன் செய்யலாம், சீக்கிரம் வாருங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். "அவரு பயந்துகினு வந்துட்டாரு சார். கத்தி வைக்கக் கூடாதுன்றாரு."

அன்றைக்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது தெரியும். அன்று சொன்னது, "ஆஸ்பத்திரிக்கும் போங்கம்மா, இதையும் பாருங்க" என்பதுதான். இரண்டு பாட்டில் கொடுத்தேன். இரண்டாவதுக்குக் காசு வாங்கவில்லை. அதில் எனக்கு ஒரு பெருமை வேறு.

"ஆஸ்பத்திரிக்கும் போங்க" என்று நான் சொன்னது அவர் காதில் விழவில்லை. பாட்டிலில் அச்சடித்திருந்ததுதான் அந்த வீட்டில் பேசியது. காலையில் பத்துச் சொட்டு, ராத்திரி பத்துச் சொட்டு, தண்ணீரில் கலந்து குடித்திருக்கிறார். நெஞ்செரிச்சலும் வாந்தியும் வந்தபோது, "நோய் வெளியே வருது" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இரண்டு மாதம் கழித்து வயிறு உப்பி, கண் மஞ்சளான பிறகுதான் மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இனி ஆபரேஷன் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பொங்கலுக்கு முன்னால் அவர் தவறிவிட்டார்.

காரியம் முடிந்த பிறகு அந்த அம்மா இரண்டு பாட்டிலையும் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு வந்தார். திருப்பித் தந்தால் பத்து ரூபாய் என்று நான்தானே சொல்லியிருந்தேன். கோபமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. "குடுத்து வெக்கல சார்" என்றார், அவ்வளவுதான்.

அந்த இரண்டு மாதம் வீணாகாமல் இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா? அந்தக் கணக்கை யாராலும் போட முடியாது. ஆனால் அந்த இரண்டு மாதம் போனதில் என் லேபிளுக்குப் பங்கு உண்டு. அன்றைக்கு ராத்திரிதான் நான் செய்திருக்க வேண்டிய வேலையை ஆரம்பித்தேன். அந்த ஆய்வுகளைத் தேடி எடுத்து, முழுசாக, பொடி எழுத்தோடு படித்தேன்.

ஆய்வில் உண்மையில் என்ன செய்தார்கள்?

ஆய்வு பொய் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எலுமிச்சைப்புல் எண்ணெயில் முக்கால் பங்கு சிட்ரால் என்கிற பொருள். அந்த எலுமிச்சை வாசனையே அதுதான். ஜம்முவில் உள்ள மத்திய அரசின் ஒருங்கிணைந்த மருத்துவ ஆய்வு நிறுவனத்தினர் 2009ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். நம் நாட்டு எலுமிச்சைப்புல் எண்ணெயை 12 வகை மனிதப் புற்றுநோய்ச் செல்களில் சோதித்தார்கள். செல்களில் பாதியைக் கொல்ல எவ்வளவு எண்ணெய் தேவை என்று பார்த்ததில், செல் வகையைப் பொறுத்து ஒரு மில்லிலிட்டருக்கு 4.2 முதல் 79 மைக்ரோகிராம் வரை ஆனது. ஒரு கிராமை பத்து லட்சம் பங்கு போட்டால் ஒரு பங்குதான் மைக்ரோகிராம். அவ்வளவு குறைந்த அளவில் வேலை செய்வது உண்மையிலேயே கவனிக்க வேண்டிய விஷயம்தான்.

கல்லீரல் புற்றுநோய் என்று வரும்போது ஆய்வுக்கூடங்களில் அதிகம் பயன்படுவது ஹெப்-ஜி2 என்கிற செல். அர்ஜென்டினாவைச் சேர்ந்த 15 வயதுப் பையன் ஒருவனின் ஈரல் கட்டியிலிருந்து 1970களில் எடுத்தது. அன்றிலிருந்து இன்றுவரை உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் அதை வளர்த்துப் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறார்கள், நாம் மரபு விதையைப் பெருக்கிப் பகிர்கிற மாதிரி. பிளாஸ்டிக் தட்டில் சின்னச் சின்னக் குழிகள். அதில் ஊட்டத் திரவம், செல், அளந்து கலந்த எண்ணெய். ஒரு நாளோ இரண்டு நாளோ மூன்று நாளோ அப்படியே வைத்திருப்பார்கள். பிறகு ஒரு மஞ்சள் சாயத்தை ஊற்றுவார்கள். உயிரோடு இருக்கிற செல் அதை ஊதா நிறமாக மாற்றும். ஊதா குறைந்தால் செல் செத்திருக்கிறது என்று கணக்கு. "புற்றுநோயைக் கொல்லும்" என்று நாம் கைப்பேசியில் படிக்கிற செய்திகளில் பெரும்பாலானவை இந்தக் குழியில் நடந்ததுதான்.

இதில் பொடி எழுத்து என்ன என்றால், அந்தத் தட்டில் உப்பை அள்ளிப் போட்டாலும் செல் சாகும், சாராயம் ஊற்றினாலும் சாகும், தரை துடைக்கிற ஃபினாயில் ஊற்றினாலும் சாகும். கெட்ட செல்லைக் கொல்வது பெரிய விஷயம் இல்லை. பக்கத்தில் இருக்கிற நல்ல செல்லை விட்டுவிட்டு, உடம்புக்குள் போய்ச் சேர்ந்து, அங்கே கொல்வதுதான் மருந்து.

வங்கிக்காரன் போட்ட கணக்கு

ஒரு மில்லிலிட்டருக்கு 20 மைக்ரோகிராம் வேண்டும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 60 கிலோ எடையுள்ள ஆளின் உடம்பில் தண்ணீரே சுமார் 36 லிட்டர் இருக்கிறது. அத்தனையிலும் அந்த அளவு இருக்க வேண்டுமென்றால் 720 மில்லிகிராம் வேண்டும். ஒரு சொட்டு எண்ணெய் சுமாராக 30 மில்லிகிராம். அப்படியானால் 24 சொட்டு. "அட, அவ்வளவுதானா? குடிச்சிடலாமே" என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது.

ஆனால் வாயில் ஊற்றியது வயிற்றுக்குப் போய், குடலில் இறங்கி, நேராகப் போகிற முதல் இடமே கல்லீரல். ஈரலின் வேலையே வந்ததைப் பிரித்து மாற்றி வெளியேற்றுவது. எலிகளுக்குச் சிட்ராலை வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்ததில், அது சீக்கிரமே வேறு பொருள்களாக மாறி, பெரும்பகுதி சிறுநீரில் போய்விடுகிறது. தட்டில் இரண்டு மூன்று நாள் அசையாமல் நின்ற எண்ணெய் உடம்பில் நிற்பதே இல்லை. வாய்க்காலில் விட்ட தண்ணீர் எல்லாம் கடைமடைக்குப் போய்ச் சேரும் என்று எந்த விவசாயியாவது நம்புவாரா?

சரி, நிற்கும்வரை அதிகமாகக் குடிக்கலாமே என்றால், உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து அமைத்த வல்லுநர் குழு சிட்ராலுக்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறது: ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு அரை மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு 30 மில்லிகிராம். நம் எண்ணெயில் அது ஏறக்குறைய ஒரு சொட்டு, கொஞ்சம் கூட. அந்த அண்ணன் ஒரு நாளைக்கு இருபது சொட்டு குடித்தார். அதாவது வரம்பைப் போல சுமார் 15 மடங்கு, ஏற்கெனவே நோயில் இருக்கிற ஈரலுக்கு.

வாசனை எண்ணெய் என்றால் "இயற்கைதானே, கெடுதல் இல்லை" என்று நினைக்கிறோம். கிராம்பு எண்ணெயை அதிகம் குடித்துவிட்ட சிறு குழந்தைகளுக்குக் கல்லீரல் கெட்டுப்போனது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. கற்பூரத்தை வாயில் போட்டுக்கொண்ட குழந்தைக்கு வலிப்பு வரும். ஒரு தழையைக் கஷாயம் வைத்துக் குடிப்பது வேறு, 200 கிலோ தழையின் சாரத்தை ஒரு கிலோவாக வடித்து அதைச் சொட்டுச் சொட்டாகக் குடிப்பது வேறு.

ஜம்மு ஆய்வில் எலிகளுக்கும் எண்ணெய் கொடுத்துப் பார்த்தார்கள். வாய்வழியாக இல்லை. வயிற்றறைக்குள் ஊசி மூலம், கிலோ எடைக்கு 200 மில்லிகிராம். நீராக மிதக்கும் புற்றுச் செல்கள் இரண்டு வகையிலும் 90 சதவீதத்துக்கு மேல் கட்டுப்பட்டன. அதே இரண்டு வகை, கெட்டிக் கட்டியாக இருந்தபோது ஒன்றில் சுமார் 58 சதவீதம், இன்னொன்றில் 37 சதவீதம்தான். 200 மில்லிகிராம் என்பதை 60 கிலோ ஆளுக்கு அப்படியே பெருக்கினால் 12 கிராம். யாரும் குடிக்கக் கூடாத அளவு. ஆராய்ச்சியாளர்கள் இதையெல்லாம் மறைக்காமல் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். அதில் பாதியை மட்டும் எடுத்து லேபிளில் போட்டது நான்.

இஸ்ரேல் விவசாயிக்கு நடந்தது

இந்தத் தவறு நமக்கு மட்டும் சொந்தமில்லை. 2005ல் இஸ்ரேலின் பென்-குரியன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், சிட்ரால் ரத்தப் புற்றுநோய்ச் செல்களைத் தானாகவே சாக வைக்கிறது என்று கண்டார்கள். ஒரு கிராம் புல் போட்ட ஒரு கோப்பைத் தேநீரில் இருக்கிற சிட்ரால் அளவே தட்டில் அந்த வேலையைச் செய்யப் போதும் என்றும் செய்தி பரவியது. அவ்வளவுதான், எலுமிச்சைப்புல் பயிரிட்ட ஒரு விவசாயியின் பண்ணைக்கு நோயாளிகள் வந்து குவிந்துவிட்டார்கள். கோப்பையில் இருக்கிற அளவும் ரத்தத்தில் இருக்கிற அளவும் ஒன்று என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். ஒரு சொம்புப் பாலை ஏரியில் ஊற்றிவிட்டு, ஏரித் தண்ணீரில் காப்பி போட முடியுமா?

நம் மணலில் பூக்கும் நித்தியகல்யாணி

அப்படியானால் செடியில் புற்றுநோய்க்கு மருந்தே இல்லையா? இருக்கிறது. அதுவும் நம் காலடியிலேயே.

கடற்கரை மணலிலும் சுடுகாட்டு ஓரத்திலும் தானாகப் பூத்துக்கிடக்கிற நித்தியகல்யாணிச் செடியை எல்லோருக்கும் தெரியும். தென்மாவட்டங்களில் மானாவாரியாகப் பயிரிட்டு இலையும் வேரும் ஏற்றுமதி செய்கிறார்கள். 1950களில் கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் சர்க்கரை வியாதிக்கு உதவுமா என்று அதன் இலையை ஆராய்ந்தார்கள். சர்க்கரை குறையவில்லை. ஆனால் எலிகளின் ரத்த வெள்ளணுக்கள் குறைந்தன. அதைப் பிடித்துக்கொண்டு போய்க் கண்டதுதான் வின்பிளாஸ்டின். அதன் சகோதர மருந்து வின்கிரிஸ்டின் 1963ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்றும் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு உலகம் முழுக்கக் கொடுக்கிறார்கள்.

ஒரு கிராம் வின்கிரிஸ்டின் எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். கொடுப்பது ஒன்று இரண்டு மில்லிகிராம், அதுவும் ரத்தக் குழாயில் மட்டும், டாக்டர் கண்காணிப்பில். அதே இலையைக் கஷாயம் வைத்துக் குடித்தால் விஷம். செடியில் மருந்து இருக்கிறது என்பதும், செடியே மருந்து என்பதும் ஒன்றல்ல என்று எனக்குப் புரிய வைத்தது இந்தச் செடிதான்.

நம் கீழாநெல்லியையும் சொல்ல வேண்டும். ஈரலைக் கெடுத்துப் பிற்காலத்தில் புற்றுநோய் வரை கொண்டுபோகிற கிருமிகளில் முக்கியமானது ஹெபடைடிஸ் பி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன் குழுவினர், அந்தக் கிருமியைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க்குடன் சேர்ந்து, கீழாநெல்லிப் பொடியை மனிதர்களிடமே முறைப்படி சோதித்தார்கள். 1988ல் லான்செட் இதழில் முடிவு வந்தது. பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் ரத்தத்திலிருந்து மறைந்தது. வெறும் மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு நாடுகளில் செய்து பார்த்தபோது அதே பலன் வரவில்லை. செடி வகையா, மண்ணா, பக்குவமா என்று விவாதம் நடந்தது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு பாத்தியில் விளைந்தது இன்னொரு பாத்தியில் விளைகிறதா என்று பார்த்த பிறகுதான் நாமே ஒரு விதையை மற்றவருக்குச் சிபாரிசு செய்கிறோம். அந்தப் பொறுமை என் லேபிளில் இல்லை.

ஈரலுக்கு உழவன் செய்யக்கூடியது

இதையெல்லாம் படித்துக்கொண்டு போனபோதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. அது என்னை இன்னும் அதிகமாக உலுக்கியது. கல்லீரல் புற்றுநோய்க்கு மருந்து கொடுக்கிற இடத்தில் உழவன் இல்லை. ஆனால் அந்த நோய்க்கு ஒரு காரணத்தை உண்டாக்கும் இடத்தில் அவன் இருக்கிறான். அது அஃப்ளடாக்சின்.

நிலக்கடலையிலும் மக்காச்சோளத்திலும் மிளகாயிலும் வருகிற மஞ்சள்-பச்சைப் பூஞ்சணம் ஒன்று உமிழ்கிற நஞ்சு இது. 1960ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தபோது, தீவனத்தில் இருந்த கடலைப் பிண்ணாக்கில்தான் இதை முதலில் கண்டார்கள். 1974ல் ராஜஸ்தான், குஜராத் எல்லைக் கிராமங்களில் பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு ஈரல் கெட்டு 106 பேர் இறந்தார்கள். மனிதர்களுக்கு நிச்சயமாகப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்கள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வைத்திருக்கிற முதல் பட்டியலில் இது இருக்கிறது. ஹெபடைடிஸ் பி உள்ளவர் இந்த நஞ்சையும் சாப்பிட்டால் ஆபத்து பல மடங்கு. வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுதாகப் போகாது.

ஐரோப்பிய நாடுகள் நேரடியாகச் சாப்பிடும் கடலையில் ஒரு கிலோவுக்கு 4 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் சரக்கைத் திருப்பி அனுப்பிவிடும். இயற்கைக் கடலை, ரசாயனக் கடலை என்று இந்தப் பூஞ்சணம் பேதம் பார்ப்பதில்லை. "நாங்க மருந்தே அடிக்கல" என்று சொன்னால் மட்டும் போதாது.

நமக்குக் கொஞ்சம் கசப்பான உண்மை ஒன்று. நாம் பெருமையாகச் சொல்லும் மரச்செக்கு எண்ணெயில், ஆட்டின கடலை சொத்தையாக இருந்தால் இந்த நஞ்சு ஓரளவு இறங்கும். ஆலையில் சுத்திகரிக்கும்போது அது நீங்கிவிடுகிறது. செக்கில் நீங்காது. அதனால் செக்கு எண்ணெயை ஒதுக்க வேண்டியதில்லை. செக்குக்குப் போகிற பருப்பைத்தான் பார்த்துப் பொறுக்க வேண்டும். விற்கிற பருப்பைப் பொறுக்கிவிட்டு, கழித்த சொத்தையைச் செக்குக்கு அனுப்புகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது தலைகீழ் வேலை.

நான் இப்போது கடைப்பிடிப்பது இவை:

1. காய் முற்றுகிற கடைசி மாதத்தில் பயிரைக் காயவிடுவதில்லை. அப்போது வாடினால்தான் பூஞ்சணம் காய்க்குள் புகுகிறது. மணல் நிலத்தில் இது முக்கியம்.

2. முற்றியதும் நாள் கடத்தாமல் பிடுங்குவது. களைக்கொத்து பட்டு உடைந்த காயையும், மண்ணில் விடுபட்டுப் பிறகு பொறுக்கிய காயையும் தனியாக வைத்து, உணவுக்கோ செக்குக்கோ அனுப்பாமல் விடுவது.

3. பிடுங்கிய செடியைக் காய் மேல்நோக்கி இருக்கும்படி கவிழ்த்துக் காயவைப்பது. காயைக் குலுக்கினால் பருப்பு கலகலவென்று சத்தம் போட வேண்டும். ஈரம் 8 சதவீதத்துக்குக் கீழே வந்த பிறகே மூட்டை.

4. தோல் உடைக்கச் சுலபமாக இருக்கும் என்று காயில் தண்ணீர் தெளிப்பதை நிறுத்திவிட்டேன். அந்த ஈரம்தான் பூஞ்சணத்துக்கு விருந்து.

5. மூட்டையைச் சுவரை ஒட்டியோ வெறும் தரையிலோ அடுக்காமல், பலகை மேல் வைப்பது.

6. சுருங்கியது, நிறம் மாறியது, பூஞ்சணம் பிடித்தது எல்லாம் கையால் பொறுக்கிக் கழிப்பது. நஞ்சில் பெரும்பங்கு அந்தச் சில பருப்புகளில்தான் இருக்கும். பூஞ்சணம் பிடித்த பிண்ணாக்கைக் கறவை மாட்டுக்கு வைப்பதில்லை. அது பாலில் வரும்.

இதைச் சோதித்துப் பார்க்கவும் வழி இருக்கிறது. ஹைதராபாத் அருகே பட்டஞ்செருவில் உள்ள இக்ரிசாட் நிறுவனம் குறைந்த செலவில் அஃப்ளடாக்சின் அளக்கும் முறைகளை உருவாக்கியிருக்கிறது. உழவர் குழுவாகச் சேர்ந்தால் மாதிரி அனுப்பிப் பார்ப்பது பெரிய செலவில்லை.

என் எலுமிச்சைப்புல்லுக்கும் இங்கே ஒரு வேலை இருக்கலாம். இலங்கையில் களனிப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2003ல் வெளியிட்ட ஆய்வில், சேமித்த அரிசியிலிருந்து பிரித்தெடுத்த இதே பூஞ்சணத்தை எலுமிச்சைப்புல் எண்ணெய் கட்டுப்படுத்தியது, நஞ்சு உமிழ்வதையும் நிறுத்தியது. படித்ததும் பழைய பரபரப்பு வந்தது. உடனே என்னையே கேட்டுக்கொண்டேன்: இது எங்கே நடந்தது? ஆய்வுக்கூடத்தில். என் கிடங்கு மூட்டையில் இல்லை. அதனால் இந்தத் தடவை லேபிள் அடிக்கவில்லை. இரண்டு மூட்டைகளை மட்டும் தனியாக வைத்து, ஒன்றுக்கு எண்ணெய் நனைத்த துணி, இன்னொன்றுக்கு வெறும் துணி என்று போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பலன் எதுவானாலும் இந்த இதழில் எழுதுகிறேன்.

யாராவது கேட்டு வந்தால்

1954ல் வந்த மருந்துகள், மாய வைத்திய விளம்பரச் சட்டம் ஒன்று இருக்கிறது. புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று எதையும் விளம்பரம் செய்வது அதன்படி குற்றம். வங்கியில் இருந்தவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஆனால் சட்டத்தை விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. பூச்சிக்கொல்லி டப்பாவில் அச்சடித்திருந்ததை நம்பி மண்ணையும் உடம்பையும் கெடுத்துக்கொண்டவர்கள் நாம். அந்த டப்பாவை நம்பாமல் வெளியே வந்ததால்தான் நமக்கு இந்த இயக்கமே. அப்படி வந்தவர்கள் நம் பாட்டிலிலும் அதே மாதிரி எழுதலாமா?

இன்றைக்கும் மாதத்துக்கு ஒருவராவது வருகிறார்கள். பழைய லேபிள் எங்கோ சுற்றிக்கொண்டிருக்கிறது. வந்தவரை உட்காரவைத்து மோர் கொடுத்துப் பேசுகிறேன். ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டச் சொல்லி, அடுத்து எப்போது வரச் சொன்னார்கள் என்று கேட்கிறேன். சித்த மருத்துவம் பார்க்க வேண்டுமென்றால் படித்த சித்த மருத்துவரிடம் போங்கள், ஆனால் இந்த வைத்தியத்தையும் விடாதீர்கள், இரண்டு பேருக்கும் இரண்டையும் சொல்லுங்கள் என்கிறேன். வீட்டில் மற்றவர்கள் ஹெபடைடிஸ் பி சோதனை செய்துகொண்டார்களா என்று கேட்கிறேன். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. எண்ணெய் விற்பதில்லை. வருத்தத்தோடு திரும்புகிறவர்களும் உண்டு. ஒருவர், "நம்பி வந்தேன், இப்படிச் சொல்றீங்களே" என்று கோபித்துக்கொண்டு போனார். போகட்டும்.

இப்போது என் எண்ணெய் சோப்புக்கும் தரை துடைக்கவும்தான் போகிறது. லேபிளில் இரண்டே வரி: "எலுமிச்சைப்புல் எண்ணெய். குடிக்கக் கூடாது." விற்பனை பாதியாகக் குறைந்தது. அந்த நஷ்டத்தைக் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

கழுவித் துடைத்து வந்த அந்த இரண்டு பாட்டில்களுக்கும் அந்த அம்மா இருபது ரூபாய் வாங்கிக்கொண்டுதான் போனார். அந்தப் பாட்டில்களை மட்டும் நான் மறுபடி நிரப்பவில்லை. வடிகலன் பக்கத்து அலமாரியில் இருக்கின்றன. புதிதாக ஏதாவது எழுதி அச்சடிக்கத் தோன்றினால் ஒரு தடவை பார்த்துக்கொள்வேன்.

அடுத்த கடலை அறுவடையின்போது, உங்கள் ஊரில் காயை எப்படிக் காயவைக்கிறீர்கள், எப்படிப் பொறுக்குகிறீர்கள் என்று இந்த இதழுக்கு எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.